யாராவது அணைத்துவிடுவார்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சிஸ்டர், நீங்க காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்பதுதான். முன்பு எந்த வீடுகளில் இருந்தேன், நோயாளியைத் தனியாகத் தூக்கத் தெரியுமா, எதையும் கேட்கவில்லை.

"மூணே முக்கால்" என்றேன்.

"அலாரம் வெச்சா?"

"இல்லம்மா."

அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதியதன் கீழே ஒரு கோடும் போட்டாள்.

வீட்டில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் சொல்வார்கள், பெற்ற தாய் உட்பட. என்னைவிட இருபத்தொன்பது வயது சின்னவள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். கல்யாணம் ஆகி மூன்று வருஷத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. முதலில் ஒரு அச்சகத்தில் மருந்து அட்டைப் பெட்டிகளுக்கு எழுத்து அமைத்தாளாம். மாத்திரைப் பட்டையில் காலாவதித் தேதியைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் போடச் சொன்ன முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்தவள். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவளைப் பிடித்தது. தேதி தெரியாத பட்டைகளோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது மொபைல் ஆப் செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைனர். வீட்டிலிருந்தே வேலை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சாமான் அறையைக் காலி செய்து மேசை போட்டிருந்தாள். சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு போன் திரையின் படம்: இங்கே பொத்தான், இங்கே எழுத்து, இங்கே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தை முடிவு செய்யத்தான் அதிக நேரம் ஆகும் என்பாள். பொத்தான் கட்டைவிரலுக்கு எட்ட வேண்டுமா, எட்டக் கூடாதா என்று இரண்டு நாள் யோசிப்பாள். நான் அறையைப் பெருக்கப் போனால், "சிஸ்டர், கண்ணை மூடிக்கிட்டு இதைத் தொடுங்க பார்ப்போம்" என்று போனை நீட்டுவாள். தொடுவேன். "ச்சே, தொட்டுட்டீங்களே" என்று சலித்துக்கொள்வாள்.

ஆட்களை நேரத்துக்கு எழுப்பும் ஆப் ஒன்று செய்ய வேண்டும் என்று கம்பெனியில் சொன்னபோது, கையைத் தூக்கி அதைக் கேட்டு வாங்கியவள் அவள்தான். காரணம் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் தம்பிக்கு முப்பத்துமூன்று வயது. பஸ் டிரைவர். ஐந்து இருபதுக்குக் கிளம்பும் முதல் வண்டி அவனுடையது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்களும் மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்களும் போகிற வண்டி. நான்கு ஐம்பதுக்கு டிப்போவில் கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கி, டயரைத் தட்டிப் பார்த்து, வண்டியை வெளியே எடுக்க வேண்டும். வண்டி ஓட்டுவதில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. ஒன்பது வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் டிப்போவில் அவனுக்கு வைத்த பெயர் 'அஞ்சு நிமிஷம்'. யார் எழுப்பினாலும் அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அது. சில நாள் அதைச் சொல்லக்கூட விழிக்கமாட்டான்.

டிப்போ விதி எளியது. வருஷத்தில் மூன்று முறை தாமதமானால் கடிதம். நான்காவது முறை ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. நான் சேர்ந்தபோது அவன் பெயருக்கு நேரே தாமதத்துக்காக ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

"இவனை எழுப்பிட்டா ஊர்ல யாரையும் எழுப்பிடலாம், சிஸ்டர்" என்றாள் அக்கா. கம்பெனிக்கு ஒரு ஆப், தம்பிக்கு ஒரு வேலை, இரண்டும் ஒரே கல்லில் விழும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அந்த வீட்டில் நான் பார்த்துக்கொள்ள வந்தது அவர்கள் அப்பாவை. நான் ஐயா என்று கூப்பிடும் அவர், தபால் அலுவலகத்தில் கடிதம் பிரித்தவர். நடுக்குவாதம் வந்து ஏழு வருஷம். வலது கை சும்மா இருக்கும்போது ஆடும். தூங்கும்போது நின்றுவிடும். கண் விழித்த மறு நிமிஷம் மறுபடி ஆரம்பிக்கும். காலை நான்கு மணிக்கு ஒரு மாத்திரை கொடுத்தால்தான் ஆறு மணிக்கு உட்கார முடியும். அம்மா, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வீட்டுக்கு வருபவர்கள், மருந்துக் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

முதல் ஆப் கணக்குக் கேட்கும். அலாரம் அடிக்கும், திரையில் மூன்று கூட்டல் வரும், சரியாகப் போட்டால்தான் நிற்கும். நான்கு பத்துக்கு வைத்தாள். முதல் வாரம் முழுக்க ஆப் அனுப்பிய குறிப்பில் தினமும் ஒரே செய்தி: நான்கு பத்து, விடை சரி, விழித்துவிட்டார். அக்கா சாமான் அறையில் கை தட்டினாள்.

ஆனால் தம்பி தினமும் சட்டைப் பொத்தானைப் படிக்கட்டில் போட்டுக்கொண்டுதான் ஓடினான். வெள்ளிக்கிழமை ஓடியும் பயனில்லை. இரண்டாவது கோடு விழுந்தது.

அக்கா கூட்டலை எடுத்துவிட்டு மூன்று இலக்கப் பெருக்கலைப் போட்டாள். மறுநாள் குறிப்பு வந்தது: விடை சரி, ஒன்பது வினாடி. அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், இவன் பத்தாவதுல கணக்குல முப்பத்தாறு. அதுவும் பின்னாடி உட்கார்ந்தவன் புண்ணியம். நானூத்தி பதினேழை இருநூத்தி அறுபத்தெட்டால பெருக்கி ஒன்பது செகண்டுல சொல்றான்னா…"

எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன், வெந்நீர் எடுக்க.

"அம்மா. நீதானே?"

டீச்சர் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னது நீதானே?"

"கணக்கு."

"அவன் படுக்கவே பதினொரு மணி ஆகுது. அந்தச் சத்தம் வேற, காதைக் கிழிக்குது. சரி, புள்ள அஞ்சு நிமிஷம் தூங்கட்டும், டீ போட்டு எடுத்துட்டுப் போய் எழுப்பலாம்னு பார்த்தேன்."

"வெள்ளிக்கிழமை டீ போட்டியா?"

"போட்டேன்."

"எழுப்பினியா?"

"போய்ப் பார்த்தேன். வாயைத் திறந்துக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி… டீ ஆறிப் போச்சு. மறுபடி சூடு பண்ணலாம்னு வந்தேன்."

அக்கா நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே" என்றார் டீச்சர். "கூட்டல் ரொம்பச் சுலபமா இருந்துச்சு. பெருக்கல் பரவாயில்ல."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள். அந்த வீட்டில் கிள்ள ஒரே ஒருத்தி. ஆட்ட ஆள் ஏராளம்.

இரண்டாவது ஆப் கணக்கெல்லாம் கேட்காது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அறுபது காலடி நடக்க வேண்டும்; கை அசைவதை வைத்துப் போன் எண்ணும். அம்மாவால் ஏமாற்ற முடியாது. அவருக்கு மூட்டு வலி. நான்கு மணிக்கு வீட்டுக்குள் அறுபது அடி நடந்து பிள்ளையின் தூக்கத்தைக் காக்கும் அளவுக்குப் பாசம் முழங்காலில் இல்லை. இப்படித்தான் அக்கா கணக்குப் போட்டாள். கம்பெனி மேனேஜரிடமும் வீடியோவில் விளக்கினாள். அவர் குரல் சாமான் அறைக் கதவைத் தாண்டி வரும்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா யூஸருக்குக் கோபம் வரக் கூடாது."

"கோபம் வராம எவன் சார் நாலு மணிக்கு எழுந்திருப்பான்?"

"ஒரு பறவைச் சத்தம், மெல்லிசா வெளிச்சம், அந்த மாதிரி…"

"பறவைச் சத்தம் கேட்டு எழுந்திருக்கிறவனுக்கு எதுக்கு சார் ஆப்பு? ஜன்னலைத் திறந்து வெச்சா போதுமே."

மேனேஜர் சிரித்தார். சிரித்துவிட்டு, பொத்தான் நிறத்தைப் பற்றி மறுபடி பேசலாம் என்றார்.

நான்கு நாள் ஓடியது. நான்கு நாளும் குறிப்பில் அறுபது அடி, பதினெட்டு வினாடி. இந்த முறை அக்கா கை தட்டவில்லை. பதினெட்டு வினாடியில் அறுபது அடி வைக்க வேண்டுமானால் வீட்டுக்குள் ஓட வேண்டும். ஓடினால் எனக்குக் கேட்டிருக்கும். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் நான் பார்த்தேன். நான்கு மணி மாத்திரையைக் கொடுத்து ஐயாவைச் சாய்த்து வைத்துவிட்டு, துணி நனைக்கச் சமையலறைக்குப் போனேன். அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பி வரும்போது அலாரம் அடிக்கிறது. தம்பி கண்ணைத் திறக்காமலே சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பா அறைக்குள் வந்தான். போனை அவருடைய வலது கையில் வைத்தான். விரல்களை மடக்கிவிட்டான். அப்படியே அவர் கால்மாட்டில் சுருண்டான்.

ஐயாவின் கை ஆடியது. சத்தம் நின்றது.

"ஆச்சா?" என்றார் ஐயா மெதுவாக. "அறுபது ஆச்சா?"

"இதென்ன ஐயா, நீங்களும் கூட்டா?" என்றேன்.

"என்கிட்ட என்ன கேக்குறீங்க. அவன் குடுத்தான், நான் வாங்கிக்கிட்டேன். தபால் ஆபீஸ்ல வேற என்ன பண்ணினேன்?"

நான் தம்பியின் கழுத்தில் ஈரத் துணியை வைத்தேன். குதித்து எழுந்தான். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று டீச்சர் அடிக்கடி சொல்வார். ஈரத் துணிக்கு இருவரும் ஒன்றுதான். ஆனால் தினமும் வைக்க எனக்கு நேரமில்லை. என் வேலை அப்பா; பிள்ளை இல்லை. அதைச் சேரும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். நம்ப மறுத்தாள். மறுநாள் தானே விழித்திருந்து கதவோரம் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, சாமான் அறைக்குப் போய் மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பிய்க்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் அதில் மூழ்கியிருக்க, எழுப்பப்படாத தம்பி அப்பா கால்மாட்டிலேயே தூங்கியிருக்க, எனக்கோ ஐயாவைக் கழிவறைக்குக் கூட்டிப் போகும் நேரம். மூன்றாவது கோடு.

கடிதம் வந்தது. ஒரு பக்கம். கீழே தம்பி கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் திருப்பித் தர வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்து அதை மூன்று முறை படித்தான்.

"அக்கா, வண்டி ஓட்டுறதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது" என்றான்.

"தூங்கத் தெரியுமே."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரித்துச் சொல்லவில்லை.

"நான் வேணும்னு பண்றேன்னு நினைக்கிறியா? அது அடிக்கிறப்ப நான் நானா இல்லக்கா. எப்படியாவது அதை நிறுத்தணும்னு மட்டும்தான் தோணுது. யாராவது நிறுத்திட்டா போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது ஆப் எளியது. திரையில் ஒன்றுமே இல்லை. நான்கு எண் போடும் இடம் மட்டும். அந்த எண் தம்பிக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. போன் ஐயாவின் அறையில், மருந்து அலமாரியில் இருக்கும். தம்பி எழுந்து, நடந்து வந்து, என் முன்னால் நிமிர்ந்து நின்று, தன் பெயரையும் அன்றைய கிழமையையும் சொல்ல வேண்டும். அப்புறம்தான் நான் எண்ணைச் சொல்வேன்.

"எதுக்கும்மா நான்?" என்றேன்.

"இந்த வீட்டுல யாருக்கும் பாவம் பார்க்காத ஆள் நீங்க ஒருத்தர்தான், சிஸ்டர்."

பாராட்டாகத்தான் சொன்னாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள். ஒன்பது நாளும் தம்பி தள்ளாடி வந்து நின்றான். ஒரு நாள் செவ்வாய்க்குப் பதில் புதன் என்றான்; திருப்பி அனுப்பினேன். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து சரியாகச் சொன்னான். நான்கு நாற்பதுக்கு டிப்போவில் கையெழுத்து. பெயரை மாற்றலாமா என்று டைம்கீப்பர் கேட்டாராம். அக்கா குறிப்புகளையெல்லாம் சேர்த்து மேனேஜருக்கு அனுப்பினாள். சுவரில் புதிய மஞ்சள் சீட்டுகள் ஏறின. பத்தாம் நாள் கம்பெனியில் எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு.

ஏழாம் நாளிலிருந்து ஐயாவுக்குச் சளி கட்டிக்கொண்டது. இந்த நோயில் சளியைத் துப்பும் பலமும் போய்விடும். படுத்தால் இருமல், உட்கார்த்தினால் கால் விறைப்பு. மூன்று இரவு அவரை முதுகில் தட்டி, சாய்த்து, திருப்பி, காலை நீவிக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் அவர் தூங்கியது எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் இருக்காது. நான் தூங்கியது அதைவிடக் குறைவு. டாக்டர் கொடுத்த மருந்து பத்தாம் நாள் விடிவதற்கு முன்புதான் பிடித்தது. மூன்று நாற்பதுக்கு அவர் மூச்சு சீரானது. வலது கை ஆடி ஆடி, மெல்ல நின்றது. அந்தக் கை நிற்பதை மூன்று நாளாக நான் பார்க்கவில்லை. நான்கு மணி மாத்திரையைக்கூட அரை மணி தள்ளிப் போடலாம் என்று முடிவு செய்தேன்.

நான்கு பத்துக்கு அலாரம் அடித்தது.

ஐயாவின் இமை அசைந்தது. நான் யோசிக்கவில்லை. இரண்டாவது மணி அடிப்பதற்குள் எண்ணைப் போட்டு அணைத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம் அது. தூங்கும் நோயாளிக்கும் சத்தத்துக்கும் நடுவில் கை தானாகப் போகும்.

போய்த் தம்பியை எழுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எழுந்திருக்கவும் செய்தேன். ஐயாவின் விரல்கள் என் விரலைப் பிடித்திருந்தன. பிடியை மெதுவாக விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் விழித்துவிடுவார். ஒவ்வொரு விரலாக எடுக்கலாம் என்று மறுபடி உட்கார்ந்தேன். முதல் விரலை எடுத்தது நினைவிருக்கிறது.

அப்புறம் நினைவிருப்பது டிப்போவிலிருந்து வந்த போன். மணி ஐந்து முப்பத்தைந்து. வண்டியை ஸ்பேர் டிரைவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

நான் எதையும் மறைக்கவில்லை. மறைக்கவும் வழியில்லை, ஆப் எழுதி வைத்திருந்தது. அக்கா திரையைப் பார்த்தாள்.

"நாலு பத்து, மூணு செகண்டு. எண் சரி."

"நான்தான்" என்றேன். "ஐயா தூங்கிக்கிட்டிருந்தார்."

"சரி."

"உன் தம்பியை எழுப்பத்தான் எழுந்தேன். நானே தூங்கிட்டேன். தப்பு என்னுது."

"சரி, சிஸ்டர்."

மூன்றாவது சரியைச் சொல்லாமல் போய்விட்டாள். சாமான் அறைக் கதவு சாத்தப்பட்டது. பத்து மணிக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் கம்பெனிக்காரர்களுக்கு ஒன்பது நாள் வெற்றியைக் காட்டிப் பேசினாள். குரலில் எந்தப் பிசிறும் இல்லை. பத்தாவது நாளைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "பத்தாவது நாள் ஒரு நல்ல மனுஷங்க அணைச்சிட்டாங்க" என்றாள். அது எனக்குத் திட்டாகத்தான் கேட்டது.

தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "அப்பா தூங்கினாரா?" என்று மட்டும் கேட்டான். அவன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிப்போவில் ஒன்பது வருஷத்துக் கீறல் விழாத பெயருக்கு ஒரு மரியாதை மிச்சமிருந்தது. வேலையை விட்டுத் தூக்கவில்லை. பஸ் கழுவும் இடத்தில் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் வேலை. மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தாமதமாகாமல் வந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பித் தருவார்கள். ஒரு நாள் தாமதமானாலும் வாளியும் துடைப்பமும்தான், காலம் முழுக்க.

"மதியம் ரெண்டு மணிதானே" என்றார் டீச்சர். "அதுக்கு எதுக்கு அலாரம்?"

முதல் வாரத்தில் இரண்டு நாள் அவனைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நான்கு மணிக்குக்கூட எழுந்திருக்காத ஆள் அவன். விடிகாலையின் மேல் அநியாயமாகப் பழி போட்டுக்கொண்டிருந்தோம்.

அக்கா அந்த வாரம் முழுக்கப் புதிதாக ஒரே ஒரு திரை வரைந்தாள். ஆப்பை முதன்முதலில் திறக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: 'உங்கள் வீட்டில் உங்களுக்குப் பாவம் பார்ப்பவர்கள் யார் யார்?' கீழே பெயர்களை எழுத வேண்டும். அந்தப் பெயர்க்காரர்கள் தொட்டால் அலாரம் நிற்காது. அவர்கள் போனுக்கு ஒரு செய்தி மட்டும் போகும்: 'தயவுசெய்து உட்காருங்கள்.'

எனக்கு அந்தத் திரை பிடித்திருந்தது. முதல் பெயராக என் பெயரை எழுதியிருந்தாள்.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

"குடும்பத்தைக் குறை சொல்ற மாதிரி இருக்கு, மேடம்."

"குறை இல்ல சார். அதுதான் பிரச்சினை. கணக்கு வெச்சேன், நடை வெச்சேன், எண் வெச்சேன். அவனை ஜெயிச்சேன் சார். அவனைச் சுத்தி இருக்கிறவங்களை ஜெயிக்க முடியல."

"தனியா இருக்கிறவங்களும் யூஸர்தானே?"

"தனியா இருக்கிறவன் ஒரு நாள் லேட்டானா மறுநாள் தானா எழுந்திருப்பான். அவனுக்கு வேற யார் இருக்காங்க?"

"அந்தத் திரையை எடுத்துடலாம். மத்ததெல்லாம் சூப்பர். ஆரஞ்சா, பச்சையா, அதை மட்டும் சொல்லிடுங்க."

அவள் போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். கையில் பென்சில். அதன் முனையைக் கடித்துக் கடித்து மரம் நார் நாராக வந்திருந்தது. "எல்லாரும் ஹாலுக்கு வாங்க" என்றாள்.

மணி ஒன்று ஐந்து. தம்பி சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தான். அவள் போனைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தாள். கணக்கு இல்லை, நடை இல்லை, எண் இல்லை. ஒரு பெரிய வட்டப் பொத்தான், யார் தொட்டாலும் நிற்கும். ஐயாவைச் சக்கர நாற்காலியில் மேசைக்கு ஒரு பக்கம் வைத்தேன். டீச்சர் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம். அக்கா தன் நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டாள்.

"யாரும் தொடக் கூடாது. யாரும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம்?" என்றார் டீச்சர்.

"அவன் வர்ற வரைக்கும்."

ஒன்று பத்துக்கு அடித்தது.

முதல் நிமிஷம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிஷம் டீச்சர் மேசை விரிப்பின் ஓரத்தை மடிக்க ஆரம்பித்தார். மடித்து, பிரித்து, மடித்து, கை மெதுவாக நடுவை நோக்கி வந்தது.

"அம்மா" என்றாள் அக்கா.

கை திரும்பிப் போனது. டீச்சர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி.

நான்காவது நிமிஷம் உள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா… அஞ்சு நிமிஷம்."

டீச்சர் கைகளின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

ஆறாவது நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். "டீச்சர், வீட்டுல யாராவது இருக்கீங்களா? அதை அணைங்களேன்." சத்தம் போடும் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவது நான் கற்ற எல்லாவற்றுக்கும் எதிரானது. ஐயாவின் கை ஆடிக்கொண்டிருந்தது. போனுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறதா என்று அக்கா ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

எட்டாவது நிமிஷம் உள்ளே ஏதோ கீழே விழுந்தது. "அக்கா" என்று ஒரு குரல். அப்புறம் "சிஸ்டர்" என்று. என்னையும் கூப்பிட்டுப் பார்க்கிறான். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா, சோர்வா, எனக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தது. தலைமுடி ஒரு பக்கமாக நிற்க, கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்திருக்க, அவன் எங்கள் நான்கு பேரையும் வரிசையாகப் பார்த்தான்.

"எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா?"

"ஆமா" என்றார் ஐயா.

"ஒருத்தர்கூட அணைக்க மாட்டீங்களா?"

"மாட்டோம்."

அவன் வந்து பொத்தானை அழுத்தினான். வீட்டில் விழுந்த அமைதி காதை அடைத்தது. தம்பி நின்றபடியே எங்களைப் பார்த்தான். முகத்தில் கோபம் இருந்தது. கூடவே யாரோ பாதி வழியில் இறக்கிவிட்டுப் போனது போன்ற ஒரு திகைப்பும் இருந்தது. பிறகு குளியலறைக்குப் போய் முகம் கழுவினான். ஒன்று முப்பத்திரண்டுக்குச் சட்டைப் பொத்தானை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு கிளம்பினான். டீச்சர் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். விரல்களில் நாற்காலிப் பிரம்பின் தடம் பதிந்திருந்தது.

"வேலை செய்யுது" என்றேன் நான்.

அக்கா நோட்டைத் திறந்து எழுதினாள். பதினொரு நிமிஷம். அதன் கீழே கோடு போடவில்லை.

"செய்யுது, சிஸ்டர். ஆனா இதை யாருக்கு விக்கிறது? நாலு பேர் வேணும், பதினொரு நிமிஷம் வேணும். மூணாவது நிமிஷத்துல ஆப்பையே அழிச்சிட்டுப் போயிடுவாங்க."

"இன்னும் எத்தனை நாள் இப்படி உட்காரணும்?" என்றார் டீச்சர்.

"எண்பத்தி நாலு நாள்."

சாமான் அறையில் போன் அடித்தது. மேனேஜராக இருக்கும். அக்கா எழுந்திருக்கவில்லை. நாங்களும் யாரும் எழுந்திருக்கவில்லை. அது தானாக அடித்து ஓய்ந்த பிறகு, "ஆரஞ்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு ஐயாவின் மதிய மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. டம்ளரை எடுக்கப் போனேன்.